கோழிக்கொண்டை விதை போடுகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

கோழிக்கொண்டை முளைக்கவே இல்லை என்று புலம்புகிறவர்கள் குறைவு. வயலில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையின் நெருங்கிய சொந்தம் அது. "பூத்தது, ஆனால் கட்டைவிரல் அளவுக்குத்தான் பூத்தது" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் குறை.

அந்தக் குறை பெரும்பாலும் நாற்றிலேயே தொடங்கிவிடுகிறது. குழித்தட்டிலோ டீ கப்பிலோ நாற்றை "இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்" என்று விட்டுவைக்கிறோம். வேர் சுவரில் முட்டிச் சுருண்டதும் செடி வளர்வதை விட்டு அவசர அவசரமாகப் பூவெடுக்கும். ஒரே பருவம் வாழும் செடி இது. அடுத்த வருடம் தேறிக்கொள்ளலாம் என்பதற்கு வழியில்லை. மூன்று அங்குல உயரத்தில் கொண்டை வைத்துவிட்ட நாற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றினாலும் அநேகமாக அப்படியேதான் நிற்கும். நர்சரியிலும் பூ வைத்த குட்டி நாற்றின் மேல்தான் கண் போகும். பக்கத்தில் பூ வைக்காமல் இருப்பதை எடுங்கள். விதைத்த மூன்று, நான்கு வாரத்தில், வித்திலைக்கு மேல் நான்கைந்து இலை வந்ததும், சாயங்காலமாகப் பார்த்து மண்கட்டி உடையாமல் நட்டுவிட வேண்டும்.

விதைப்புக்கு வருவோம். கறுத்து மினுங்கும் பொடி விதை, விரலில் ஒட்டிக்கொள்ளும். குழி தோண்டிப் புதைத்தால் மேலே வரத் திணறும். கீரைக்குச் செய்வது போல உலர்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண்ணைச் சலித்துவிட்டால் போதும். ஒன்று, இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். தினமும் மேலிருந்து ஊற்றி மண்ணைச் சொதசொதவென்று வைத்தால் நாற்றழுகல் வரும். காலையில் நேராக நின்ற நாற்று மறுநாள் தரையோடு கழுத்து இற்றுச் சாய்ந்து கிடக்கும். பார்க்கவே மனசு வலிக்கும். தட்டைத் தண்ணீரில் வைத்து, அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடுங்கள். ஐப்பசி அடைமழையில் விதைக்காமல் இருப்பதும் நல்லது.

நிழல் வேண்டாம், ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். யூரியா போட்டால் இலைதான் மண்டும்.

அப்புறம், நுனி கிள்ளுவது. செண்டுமல்லிக்குக் கிள்ளுவோமே என்று இதற்கும் கிள்ளிவிடுகிறார்கள். கொண்டை உருவாவதே, புள்ளியாக வளர வேண்டிய குருத்து பட்டையாக விரிவதால்தான். அந்த நுனியை எடுத்துவிட்டால் பெரிய கொண்டை போய்விடும், பக்கக் கிளைகளில் சின்னச் சின்னதாகத்தான் வரும். தீபம் போலக் கூராகப் பூக்கும் இறகு வகையைத் தாராளமாகக் கிள்ளலாம்.

விதை எடுக்கும்போது கொண்டையின் மேல்விளிம்பில் தேடாதீர்கள். அடியில், தண்டை ஒட்டியிருக்கும் சொரசொரப்பான பகுதியில்தான் விதை இருக்கும். காய்ந்ததும் வெள்ளைத் தாளின் மேல் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தால் பொலபொலவென்று கொட்டும்.