நழுவிய இரண்டாவது கியர்

நான்கு சிலிண்டர், 1000 சிசி பைக். 7000 ஆர்பிஎம்மைத் தாண்டி முறுக்கினால் இரண்டாவது கியர் தானாகக் கழன்று, இன்ஜின் வெறுமனே அலறும். மெதுவாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது.

கிளட்ச் கேபிள், கியர் லிவர் இணைப்பு எல்லாம் சரியாகவே இருந்தன. ஆயிலை வடித்தபோது, காந்தம் வைத்த போல்ட்டில் வழக்கமான கரும்பசையோடு கூரான இரும்புச் சில்லு ஒன்றும் ஒட்டியிருந்தது. பசை இயல்பு, சில்லு இயல்பல்ல. இன்ஜினை இறக்கிப் பிரித்தே ஆக வேண்டும்.

இவ்வகை கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியேதான் சுழலும். கியரை உண்மையில் பூட்டுவது அவற்றின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் 'டாக்' என்ற தடித்த பற்கள். அவற்றின் விளிம்புகள் கூழாங்கல்போல் மழுங்கியிருந்தன. முழு இழுவிசை வரும்போது மழுங்கிய பற்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் முழுவதும், கியர்பாக்ஸுக்குள் கியரைப் பக்கவாட்டில் நகர்த்தும் கவை போன்ற 'ஃபோர்க்'கின்மேல் விழும். அதன் நுனி ஒரு பக்கம் தேய்ந்து, சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

கியரை மட்டும் மாற்றி ஃபோர்க்கை விட்டுவைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தேய்ந்த ஃபோர்க் கியரை முழுதாக நகர்த்தாது, புதிய பற்களும் விரைவில் மழுங்கும். இரண்டாவது கியர், அதைப் பூட்டும் நகரும் கியர், ஃபோர்க், வாஷர்கள் அனைத்தையும் சேர்த்தே மாற்றினேன். டாக்குகளின் முகத்தை 3 டிகிரி உட்சாய்வாக அரைத்து வாங்கினேன். சுமை ஏற ஏற அவை ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இப்போது எவ்வளவு முறுக்கினாலும் இரண்டாவது கியர் அசைவதில்லை. கியர் விழும் ஓசை மட்டும் முன்பைவிடச் சற்று உரக்கக் கேட்கிறது.