பழைய லேலண்ட், டாடா லாரியில் முதல் தடவை ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

காரை வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள்தான் பழைய லாரியில் அதிகமாகத் திணறுவார்கள். ஒன்றுமே ஓட்டத் தெரியாத கிளீனர் பையன் அவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்வான், ஏனென்றால் மறக்க வேண்டிய பழக்கம் அவனிடம் எதுவும் இல்லை. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. இப்போது அப்பா ஓட்டிய மாடலைத் தேடிப்பிடித்து, பட்டறையில் போட்டுச் சரிபண்ணி, ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. தாராளமாக ஓட்டலாம். லைசன்ஸ் மட்டும் சரியாக இருக்கட்டும்: கனரக வண்டிக்கு வயது 20 முடிந்திருக்க வேண்டும், இலகுரக லைசன்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். "பழைய வண்டிதானே, ஊருக்குள்ளதானே" என்பதெல்லாம் செல்லாது.

முதலில் எதில் ஏறுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கம் பழைய லாரி என்றால் பெரும்பாலும் எண்ணூரில் செய்த அசோக் லேலண்ட் காமெட், இல்லையென்றால் ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்த டாடா. டாடாவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 1954-இல் கூட்டுச் சேர்ந்து லாரி செய்தார்கள். 1969-இல் அந்த ஒப்பந்தம் முடிந்து, முகப்பில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் போனது. அதற்கப்புறமும் பல வருஷம் எங்கள் ஊரில் அதற்கு பென்ஸ் வண்டி என்றுதான் பெயர். 1210 என்ற மாடல் எண்ணிலேயே விஷயம் இருக்கிறது, 12 டன் மொத்த எடை, சுமார் 100 குதிரைத் திறன். இன்றைக்கு ஒரு சுமாரான காரில் இருக்கிற அதே திறன்தான் அந்த 12 டன்னையும் இழுக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் பாயவில்லையே என்று இன்னும் அழுத்திப் பிரயோஜனமில்லை. கரும்புகைதான் வரும்.

கியர் போடும் இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டுகிறார்கள். இன்றைய கியர் பெட்டியில் சிங்க்ரோமெஷ் இருக்கிறது, இன்ஜின் பக்கமும் சக்கரத்தின் பக்கமும் சுற்றுகிற வேகத்தை அதுவே சமப்படுத்தி, பல்லோடு பல்லைச் சேர்த்துவிடும். பழைய காமெட் மாதிரி வண்டிகளில் அந்த வேலையை ஓட்டுகிறவர்தான் செய்ய வேண்டும். அதற்குப் பெயர்தான் டபுள் கிளட்ச். கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, இன்ஜின் சத்தம் இறங்கும் வரை ஒரு மூச்சு பொறுத்து, மறுபடி கிளட்ச் மிதித்து மேல் கியரைப் போட வேண்டும். கீழ் கியருக்கு வரும்போது நடுவில் ஒரு வேலை கூடுகிறது: நியூட்ரலில் கிளட்சை விட்ட நிலையில் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து இன்ஜின் வேகத்தை ஏற்றிவிட்டு, அப்புறம் கிளட்ச் மிதித்துக் கியருக்குள் தள்ள வேண்டும். படிக்கும்போது நீளமாக இருக்கிறது, பழகினால் கண் சிமிட்டும் நேரம்தான்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த டிரைவர் அண்ணன் கியர் லீவர் குமிழில் ஒரு கைக்குட்டையைச் சுற்றி வைத்திருப்பார். நியூட்ரலில் அது தடதடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். பல் சேரப்போகும் நொடியில் அந்த ஆட்டம் சட்டென்று குறைவதை உள்ளங்கையில் உணர முடியும், அப்போது இரண்டு விரலால் தள்ளினாலே உள்ளே விழுந்துவிடும். அதற்கு முன் தள்ளினால் கர்ரென்று ஒரு சத்தம், பின்னால் வருகிறவன் வரைக்கும் கேட்கும். "சத்தம் இறங்கட்டும்டா தம்பி, என்ன அவசரம்?" என்பார், வேறு எதுவும் சொல்ல மாட்டார். புதிதாக ஓட்டுகிறவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் பயந்துபோய் இன்னும் பலமாகத் தள்ளுகிறார்கள். அது பெட்டியின் பல்லைத் தின்னும். விழவில்லையென்றால் நியூட்ரலுக்கு வந்து முதலிலிருந்து செய்வதுதான் வழி. லீவரைக் குனிந்து பார்ப்பது அதைவிட மோசம், நீங்கள் கீழே பார்க்கிற நேரத்தில் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மேட்டில் இது இன்னும் கடினம். இன்ஜின் திணறி, வண்டி நடுங்க ஆரம்பித்த பிறகு கியரைக் குறைக்கப் பார்க்கிறார்கள். லோடோடு ஏறும்போது நியூட்ரலில் இருக்கிற அந்த ஒரு நொடியிலேயே வேகம் சரிந்துவிடும், போட நினைத்த கியர் அப்போது உதவாது. சத்தம் கனக்க ஆரம்பிக்கும்போதே இறக்கிவிட வேண்டும். தவறிவிட்டதா, வெட்கப்படாமல் வண்டியை முழுசாக நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போட்டு, கிளீனரைக் கட்டை போடச் சொல்லி, முதல் கியரில் புதிதாகக் கிளம்புங்கள். சமதளத்தில் காலி வண்டியை எடுக்க இந்த முதல் கியர் தேவையே இல்லை, இரண்டாவதே போதும்.

ஸ்டியரிங் பெரிசாக இருப்பது அழகுக்காக இல்லை. பவர் ஸ்டியரிங் கிடையாது, அந்த அகலம்தான் உங்கள் பலம். நின்ற இடத்தில் தம் கட்டித் திருப்பாதீர்கள், வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது திருப்பினால் பாதி பாரம் குறையும். கட்டைவிரலை உள்ளே கோத்துப் பிடிப்பதும் வேண்டாம். முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும், அந்தக் குறுக்குக் கம்பி விரலை முறித்துவிடும். இன்னொன்று, பழைய ஸ்டியரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். கார் பழக்கத்தில் அதைச் சரிசெய்கிறேன் என்று ஓயாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தால் வண்டி சாரைப்பாம்பு மாதிரி நெளியும். கையைத் தளர்த்திக்கொண்டு தூரத்தில் பார்த்து ஓட்டினால் அதுவாகவே நேராகப் போகும்.

வளைவில் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கடைவீதி முனையில் டீக்கடைப் பலகையைச் சாய்க்கிறவர்கள் எல்லாம் இதை மறந்தவர்கள்தான்.

அடுத்தது பிரேக். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. இன்றைய லாரியில் காற்று இறங்கிப்போனால் பின்சக்கரத்தில் இருக்கும் ஸ்பிரிங் தானாகப் பிரேக்கைப் பிடித்துவிடும், வண்டி நகராது. பழைய காற்று பிரேக் வண்டியில் இது தலைகீழ். காற்று இல்லையென்றால் பிரேக்கே இல்லை, ஆனால் வண்டி மட்டும் ஜோராக நகரும். ஸ்டார்ட் பண்ணிய உடனே கிளம்பிவிடாமல், காற்று மீட்டரில் 5 கிலோ அழுத்தமாவது ஏறும் வரை நிற்க வேண்டும். காற்று டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் வடிகட்டி விடுவதும் இதில் சேர்த்தி. தொட்டுத்தொட்டுப் பிரேக் பிடித்துக்கொண்டே போனால் கம்ப்ரசர் ஏற்றுவதைவிட வேகமாகக் காற்று காலியாகும், மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுகிறவர்களை நான் டிரைவர் என்றே சொல்ல மாட்டேன். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகள் மேல் போய் மோதிய கனரக வண்டிகள் எத்தனையோ. நியூட்ரலில் இன்ஜின் கட்டுப்பாடு முழுசாகப் போய்விடுகிறது, அத்தனை எடையையும் பிரேக் டிரம் மட்டுமே தாங்க வேண்டும், டிரம் சூடேறி லைனிங் கருகும் வாசனை வரும்போது பாதி பிரேக் ஏற்கெனவே போயிருக்கும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார்கள் பழைய ஆட்கள். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுக்கும் கொல்லிமலையின் 70-க்கும் அதுதான் சட்டம். கியரை இறக்கத்தின் தலையிலேயே போட்டுவிட வேண்டும். பாதி வழியில் போடலாம் என்று நியூட்ரலுக்கு வந்து, டபுள் கிளட்ச் சரியாக விழாமல் போனால், அப்புறம் எந்தக் கியரும் உள்ளே போகாது. கியரில் இருக்கிறோமே என்று வேகத்தையும் விட்டுவிடாதீர்கள். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும் கவர்னருக்கு டீசலைக் குறைக்கத்தான் தெரியும், இறக்கத்தில் சக்கரமே இன்ஜினைச் சுற்றும்போது அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

நிறுத்துவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சாவியைத் திருப்பினால் இந்த இன்ஜின் நிற்காது. டீசல் பம்புக்குப் போகிற ஸ்டாப் ஒயரை, அதாவது டேஷ்போர்டில் இருக்கும் குமிழை, வெளியே இழுத்துப் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு. மறுநாள் காலையில் அதே குமிழை உள்ளே தள்ள மறந்து, பேட்டரி சாகும் வரை செல்ஃப் அடித்தவர்களும் உண்டு. டீசலைத் தீரவிட்டாலும் இதே பாடுதான், புதிதாக ஊற்றியதும் கிளம்பாது, ஃபில்டரில் இருக்கிற ஸ்குரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும் வரை ஏர் எடுக்க வேண்டும்.

கடைசியாக, ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பிச் சரிவில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கட்டை இல்லாதவர்கள் ரோட்டோரக் கல்லைத் தூக்கி வைப்பார்கள், சரி, அவசரத்துக்கு வைக்கலாம். ஆனால் கிளம்பும்போது அதை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்களே, ராத்திரி அந்த வழியாகப் பைக்கில் வருகிறவனுக்கு அந்தக் கல் இருப்பது எப்படித் தெரியும்? இறங்கி எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.