பெங்களூரில் அம்மாவுக்கு ஹோம் (முதியோர் இல்லம்) பார்க்க வருகிறீர்களா? இரவில் போய்ப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து இரண்டு வார லீவில் வந்து, முதல் பத்து நாளை உறவுக்காரர் வீட்டு விருந்துக்குக் கொடுத்துவிட்டுக் கடைசி நாலு நாளில் ஹோம் தேடாதீர்கள். இறங்கிய மறுநாளே தொடங்குங்கள்.

பகலில் சொல்லிவிட்டு ஒரு தடவை, சொல்லாமல் இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை போங்கள். இரவு டியூட்டியில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முப்பது பேருக்கு இரண்டே ஆள் என்றால் அது நடக்காது. முதுகும் குதிகாலும் புண்ணாகும். புரட்டும் நேரம் எழுதும் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விடியற்காலை வரைக்கும் கையெழுத்து இப்போதே போட்டிருந்தால், உடனே எழுந்து வந்துவிடுங்கள். காலிக் கட்டிலின் அழைப்பு மணியை அழுத்தி, ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஏழரைக்கே எல்லோரும் தூங்கிவிடுவார்கள் என்று பெருமையாகச் சொன்னால், தூக்க மாத்திரை எழுதிய டாக்டர் யார் என்று கேளுங்கள். மாதாமாதம் எடை பார்த்த கணக்கும் விழுந்தவர்களின் பதிவும் இல்லாத ஹோம் வேண்டாம்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஆக்ஸிஜன் மெஷினையும் தாங்குமா, இன்சுலின் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, இரவில் மரணம் நேர்ந்தால் காரணம் எழுதித்தர எந்த டாக்டர் வருவார் என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்வி வாயில் வராது. வரவழைத்துக் கேளுங்கள்.

இனி 'லோக்கல் கார்டியன்' கையெழுத்து. அட்மிஷனுக்கு உள்ளூரில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். அல்சூர் சித்தப்பாவோ ஸ்ரீராமபுரத்து அத்தை மகனோ சம்மதிப்பார். நடு இரவில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் ஓட வேண்டியவர் அவர்தான். அதை அவரிடம் முகத்துக்கு நேரே, முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரி, முன்பணம் எந்தக் கணக்கிலிருந்து, உங்கள் நாட்டில் அப்போது என்ன மணி, எல்லாம் ஒரே தாளில் அவர் கையிலும் ஹோமிலும் இருக்கட்டும். இரண்டாவது பெயர் ஒன்றும் வேண்டும்; அவரும் வயதானவர்தானே.

அதற்கு ஈடாக அந்த உறவினர் அம்மாவின் வீட்டைத் தன் பெயருக்கு எழுதித் தரச் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். தூரத்தில் இருக்கிறோம் என்ற உறுத்தலில்தான் பலர் சம்மதித்துவிடுகிறார்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், அம்மாவைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். மூத்த குடிமக்களுக்கான 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பின்னால் ரத்து கேட்க அதுதான் பலம்.

அம்மா கொடுத்த பவர் பத்திரம், அவருக்குப் புத்தி தெளிவு போய்விட்டால் செல்லாது. வங்கிக் கணக்கை ஜாயிண்ட் ஆக்குவதை அவர் தெளிவாக இருக்கும்போதே முடியுங்கள். பென்ஷனுக்கான நவம்பர் உயிர்ச் சான்றிதழுக்கு ஹோம் உதவுமா என்றும் கேளுங்கள்.

மறதி நோய் முற்ற முற்ற, பிற்காலத்தில் கற்ற கன்னடமும் இங்கிலீஷும் பலருக்கு முதலில் நழுவும், தமிழ்தான் மிஞ்சும். இரவு ஆளுக்கு இந்தி மட்டுமே தெரிந்திருக்கலாம். 'தண்ணி', 'ஒண்ணுக்கு', 'வலிக்குது', 'குளிருது' என்று அம்மா சொல்லும் சொற்களை இந்தி எழுத்தில், பொருளோடு பெரிதாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிட்டு விமானம் ஏறுங்கள்.