ஒரு ஸ்காட்லாந்துச் சிப்பாயின் பதக்கங்களை வாசிப்பது எப்படி?

முதல் முறை பார்ப்பவர்கள் பதக்கத்தின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். விக்டோரியா ராணியின் தலை அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஆள் யார் என்று சொல்வது விளிம்பு, பெயரைப் பொறித்திருப்பது அங்கேதான். லென்ஸை வைத்துக்கொண்டு பதக்கத்தை மெதுவாகச் சுழற்றுங்கள். பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், தேய்க்கத் தேய்க்க அந்தப் பெயர்தான் முதலில் அழியும்.

93ஆம் ஹைலாண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துக் காலாட்படைப் பிரிவின் சிப்பாய் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1881இல் 91ஆம் படைப்பிரிவோடு இணைந்து ஆர்கைல் அண்டு சதர்லாந்து ஹைலாண்டர்ஸ் ஆன அதே பிரிவு.

அடுத்து, நாடாவில் இருக்கும், சண்டைகளின் பெயர் பொறித்த வெள்ளிப் பட்டைகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரின் பதக்கத்தில் ஆல்மா, பாலக்லாவா, செவஸ்தபோல் என்று மூன்றும் இருந்தால், 1854 அக்டோபர் 25 அன்று ரஷ்யக் குதிரைப்படைக்கு எதிரே சிவப்புச் சட்டையோடு வரிசையில் நின்ற பிரிவின் ஆள் அவர். இந்தியக் கிளர்ச்சியை அடக்கியதற்கான 1857 - 58 பதக்கத்தில் 'லக்னோ மீட்பு', 'லக்னோ' என்ற இரண்டு பட்டைகளைத் தேடுங்கள். முதலாவது நவம்பர் 1857, லக்னோவில் சுவர் சூழ்ந்த தோட்டமான சிக்கந்தர் பாகில் சண்டை நடந்த மாதம். உள்ளே இருந்த கிளர்ச்சி இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் அங்கே கொல்லப்பட்டார்கள், அந்தச் சின்னப் பட்டையைப் பார்க்கும்போது எனக்கு அதுவும் சேர்ந்தே நினைவுக்கு வரும். இரண்டாவது பட்டை மட்டும் இருந்தால், நவம்பரில் அவர் எங்கே இருந்தார் என்று தேட வேண்டும்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். 1857 பதக்க விளிம்பில் பெரும்பாலும் பெயரும் பிரிவும் மட்டும்தான், எண் இருக்காது, ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் என்ன செய்வது? நீண்டகாலப் பணி, நன்னடத்தைப் பதக்கத்தைத் திருப்புங்கள், கருஞ்சிவப்பு நாடாவில் தொங்குமே, அது. அதன் விளிம்பில் படை எண் இருக்கும், அதுதான் சாவி. காலாட்படையில் அந்தப் பதக்கத்துக்கு முதலில் 21 வருடம் வேண்டும், 1870இல்தான் 18 ஆகக் குறைத்தார்கள். இன்வெர்னஸ்காரர் வில்லியம் மெக்பீன் இதே 93இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் வாங்கி, மேஜர் ஜெனரல் வரை போனார். அப்படிப் போனவர்கள் மிகக் குறைவு. இருபது வருடம் துப்பாக்கி தூக்கிவிட்டு அதே பிரைவேட்டாக, அதாவது கடைநிலைச் சிப்பாயாகவே, வீடு திரும்பியவர்கள்தான் என் மனதுக்கு நெருக்கம், அவர்களைப் பற்றி எழுத ஆள் இல்லை.

சரி, எண் கிடைத்துவிட்டது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 100 என்ற ஆவண வரிசையில் உள்ள பதக்கப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் டபிள்யூ.ஓ. 97, ஓய்வூதியம் பெற்றவர்களின் பணிவிடுவிப்புத் தாள்கள். பிறந்த ஊர், சேருமுன் செய்த தொழில், உயரம், கண்ணின் நிறம், தண்டனைப் புத்தகத்தில் எத்தனை தடவை பெயர் ஏறியது, எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடும் இடத்தையும் பாருங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் அங்கே ஒரு பெருக்கல் குறி இருக்கும், அவர் கையாலேயே போட்டது.