வீட்டில் கார் பழுதுபார்க்க எந்த இம்பேக்ட் ரெஞ்ச்?

தீபாவளிக்கு முந்தின வாரம், பினாங்கு ஜெலுத்தோங்கில் வீட்டு வாசலிலேயே என் டொயோட்டா வியோஸ் காரின் பின்சக்கரம் பஞ்சர். காரோடு வந்த ஸ்பேனர் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம். அதன் நுனியில் என் 68 கிலோவும் ஏறி நின்றது, நட் அசையவில்லை. "இறங்குங்க மச்சான், கால் போய்விடும்" என்று மச்சினன் கத்தியதைக் கேட்காமல் குதித்துப் பார்த்தேன். முழங்காலில் தோல் உரிந்ததுதான் மிச்சம். போன முறை டயர் மாற்றிய கடையில் காற்று ரெஞ்சால் வெறிகொண்டு இறுக்கியிருக்கிறார்கள்.

அந்த முழங்கால் காயம்தான் எனக்கு இம்பேக்ட் ரெஞ்ச், அதாவது சுற்றிச் சுற்றி அடித்து நட்டைக் கழற்றும் கருவி, வாங்கும் கணக்கைக் கற்றுக்கொடுத்தது.

முதல் படி: எவ்வளவு விசை வேண்டும்?

முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். நான் ஏறி நின்றபோது அந்த நட்டுக்குக் கிடைத்தது சுமார் 200. டொயோட்டா கார்கள் பலவற்றில் சக்கர நட்டுக்கு வேண்டியதோ 103தான். ஹோண்டாவில் பெரும்பாலும் 108. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும்.

துரு, கடைக்காரர் கைங்கரியம் எல்லாம் சேர்த்து, கழற்றும் விசை 350 முதல் 500 வரை உள்ள கருவி வீட்டுக்குப் போதும். பெட்டியில் இறுக்கும் விசை, கழற்றும் விசை என்று இரண்டு எண்கள் இருக்கலாம். பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் கழற்றும் விசையைத்தான். 1000க்கு மேல் உள்ளதைப் பார்த்து மயங்க வேண்டாம். லாரிக்காரருக்கு அது சரி; காருக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அந்தக் கனத்தைத் தூக்கிப் பிடித்தால் தெரியும்.

இரண்டாம் படி: முனையைப் பாருங்கள்

திருகாணி முடுக்கும் இம்பேக்ட் டிரைவரும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அதன் முனையில் அறுகோணத் துளை. நமக்கு வேண்டியது சதுர முனை, அரை அங்குலம்.

மூன்றாம் படி: மின்சாரம் எங்கிருந்து?

காற்றில் ஓடுவதற்குப் பெரிய கம்ப்ரெசர் வேண்டும், அதை விட்டுவிடுங்கள். வயர் உள்ளது மலிவு, ஆனால் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பிளக் பாயிண்டை எங்கே தேடுவது? பேட்டரிதான் வசதி. 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று தனித்தனியாக எழுதியிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் அதே ஐந்து லித்தியம் செல்கள்தான். இணையத்தில் 128 விஎஃப் என்று பெயர் போட்டு விற்கிறார்களே, அந்த எண்ணுக்கும் வோல்ட்டுக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் ஏற்கெனவே டிரில் இருந்தால் அதே நிறுவனத்தின் அதே பேட்டரி பொருந்தும் கருவியை வாங்குங்கள். நல்ல வெள்ளி மிச்சமாகும். விலை ஆச்சரியமாகக் குறைவாக இருந்தால் பேட்டரி இல்லாத வெறும் கருவியா என்று பாருங்கள்.

நான்காம் படி: சாக்கெட்

இதில் கஞ்சத்தனம் கூடாது. பளபளக்கும் குரோம் சாக்கெட் கையால் திருகுவதற்கு. சுத்தியல் போல் விழும் அடியில் அது வெடித்துச் சில்லு கண்ணில் பாயலாம். தடித்த கறுப்பு இம்பேக்ட் சாக்கெட் வாங்குங்கள். டொயோட்டாவுக்குப் பெரும்பாலும் 21 மில்லிமீட்டர், ஹோண்டாவுக்கு 19. லோரோங் கூலிட் சந்தையில் பழைய ஸ்பேனர்களை நானும் பேரம் பேசி வாங்குவேன். உள்மூலை தேய்ந்த சாக்கெட்டை மட்டும் தொடமாட்டேன்.

ஐந்தாம் படி: இம்பேக்டால் கழற்றுங்கள், இறுக்காதீர்கள்

சமதரையில் கைப்பிரேக் போட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்துங்கள். பிறகு ஜாக்கி, அதற்குத் துணையாக ஸ்டாண்ட். திரும்ப மாட்டும்போது நட்டை விரலால் மூன்று சுற்றாவது ஏற்றுங்கள். கோணலாக ஏறிய நட்டில் ரெஞ்சை வைத்தால் மரை போச்சு. காரை இறக்கியபின் டார்க் ரெஞ்சில் (வைத்த முறுக்குவிசை வந்ததும் சத்தம் கொடுக்கும் கை ரெஞ்ச்) கையேட்டு எண்ணை வைத்து, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, 'டிக்' சத்தம் கேட்கும்வரை இறுக்குங்கள். டார்க் ரெஞ்சுக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். ஸ்பார்க் பிளக், எஞ்சின் ஆயில் போல்ட் பக்கம் இம்பேக்டைக் கொண்டுபோகவே வேண்டாம்.

ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். நான் பாலம் கடந்து புக்கிட் மெர்தாஜத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்வந்து பார்த்தேன். நான்கு நட்டில் ஒன்று கால் சுற்று கேட்டது.