டெலி சூம் லென்ஸ்: படம் கலங்கினால் பழி யார் மேல்?

பினாங்கில் பறவைப் படம் எடுப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் புலம்பல் காதில் விழும்: "தூரத்தை நெருக்கிக் காட்டும் 150-600 மி.மீ. சூம் லென்ஸ் வாங்கினேன். கை ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசரும் இருக்கிறது. அப்படியும் படம் கலங்கலாகத்தான் வருகிறது, பீஸ் சரியில்லை போல." பீஸ் சரியில்லாமல் போவதும் உண்டுதான், ஆனால் அபூர்வம். கலங்கலில் பல வகை இருக்க, எல்லாவற்றுக்கும் லென்ஸையே குற்றம் சொல்வதுதான் முதல் தவறு.

படத்தைக் கம்ப்யூட்டரில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கிளை, இலை, பறவை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை ஆட்டம். கிளை கூர்மையாக இருந்து பறவையின் தலை மட்டும் மங்கியிருந்தால் பறவை அசைந்திருக்கிறது. பறவைக்குப் பின்னால் உள்ள இலை பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. எதுவுமே கூர்மையாக இல்லாமல், அடுத்தடுத்த படங்களில் கலங்கல் கூடியும் குறைந்தும் தெரிந்தால் பெரும்பாலும் வெப்பக் காற்றின் வேலை. இந்த நான்கில் ஸ்டெபிலைசரால் சரிசெய்ய முடிந்தது முதலாவது மட்டும்.

ஸ்டெபிலைசருக்குக் கேனனில் ஐஎஸ் என்று பெயர், நிக்கானில் விஆர், சோனியில் ஓஎஸ்எஸ், சிக்மாவில் ஓஎஸ், டாம்ரானில் விசி. பெயர்தான் வேறு வேறு. லென்ஸுக்குள் இருக்கும் சென்சார்கள் உங்கள் கை ஆடுவதை உணர்ந்து, உள்ளே ஒரு கண்ணாடித் தொகுதியை எதிர்த்திசையில் நகர்த்துகின்றன. 500 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், குறைந்தது 1/500 நொடி வேண்டும் என்பது பழைய கணக்கு. ஸ்டெபிலைசர் "4 ஸ்டாப்" உதவும் என்று பெட்டியில் போட்டிருந்தால், ஒரு ஸ்டாப்புக்கு வேகம் பாதியாகும் கணக்கில் அதே லென்ஸை 1/30 வரை இறக்கலாம் என்று அர்த்தம். தண்ணீர்மலைக் கோயில் கோபுரத்துச் சிலைக்கு அந்தக் கணக்கு சரி. பக்கத்திலேயே தாவரவியல் பூங்காவில் இலை மென்றுகொண்டிருக்கும் லோத்தோங் குரங்குக்குச் சரிவராது. அதன் தாடை ஆடுவது லென்ஸுக்குத் தெரியாது.

ஆகவே ஸ்டெபிலைசரை நம்பி ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500-இல் தொடங்குங்கள். சில படங்கள் கைக்கு வந்த பிறகு வேண்டுமானால் இறக்கிப் பார்க்கலாம். பறக்கும் இருவாச்சிக்கு 1/1600, மீனுக்குப் பாயும் மீன்கொத்திக்கு 1/3200 கூட வேண்டியிருக்கும். வேகம் கூடினால் ஒளி குறையும்; அதை ஈடுகட்டும் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறுகிறதே என்று பயப்படுபவர்கள் அதிகம். அதனால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலை இன்றைய மென்பொருள் நன்றாகவே குறைத்துவிடும். இழுபட்ட இறகை அது திருப்பிக் கொடுக்காது.

விளையாட்டுப் படத்தில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். ஜார்ஜ் டவுன் சிட்டி ஸ்டேடியத்தில் இரவு விளக்கொளியில் ஓடும் ஆட்டக்காரரை உறைய வைக்க 1/1000 தேவை. நீளமான சூம்களில் பல, கடைசி முனையில் எஃப்/6.3 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் ஒளி அதிகம்). ஐஎஸ்ஓ 12800-ஐ எட்டினாலும் ஆச்சரியமில்லை. அந்த இடத்தில் 70-200 எஃப்/2.8 ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஸ்டெபிலைசரே இல்லாத பழைய 70-200 எஃப்/2.8 ஆனாலும், இரவுப் பந்தாட்டத்துக்கு நான் அதைத்தான் எடுத்துப் போகச் சொல்வேன். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே, உருவத்தைப் பெரிதாக்கும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் மாட்டி எஃப்/6.3-ஐ எஃப்/9 ஆக்குவதெல்லாம் நல்ல வெயிலுக்கு மட்டும்.

லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்டெபிலைசர் மோட் சுவிட்சை வாங்கிய நாளிலிருந்து தொடாதவர்களும் உண்டு. கேனனில் மோட் 1 எல்லாத் திசை ஆட்டத்தையும் தடுக்கும். படகோ சைக்கிளோ போகும் போக்கில் கேமராவையும் திருப்பி எடுக்கும்போது, நீங்கள் வேண்டுமென்றே திருப்புவதையும் அது ஆட்டம் என்று நினைத்து எதிர்க்கக்கூடும். அதற்குத்தான் மோட் 2. தெலுக் பகாங் அணையில் டிராகன் படகுகளை 1/60-இல் துரத்தி, பின்னணியைக் கோடுகோடாக ஓடவிட இதுவே வழி. திசையை மாற்றி மாற்றி ஓடும் பந்தாட்டக்காரருக்குப் படம் பதியும் கணத்தில் மட்டும் வேலை செய்யும் மோட் 3 நல்லது. நிக்கானில் அந்த மாதிரி விளையாட்டுகளுக்கு 'ஸ்போர்ட்' என்று போட்டிருப்பார்கள். அப்புறம் ஒன்று: பட்டனைப் பாதி அழுத்தி, வியூஃபைண்டரில் காட்சி நிலைத்த பிறகு முழுதாக அழுத்துங்கள். எடுத்த எடுப்பில் ஒரே குத்தாகக் குத்தினால் முதல் படம் வீணாகலாம்.

டிரைபாடில் வைத்தால் ஸ்டெபிலைசரை அணைக்க வேண்டுமா? லென்ஸின் வயதைப் பொறுத்தது. எஸ்எல்ஆர் கேமராவுக்கு ஸ்டெபிலைசருடன் வந்த முதல் லென்ஸ், 1995-இல் வந்த கேனன் 75-300. அந்தத் தலைமுறை லென்ஸ்கள் ஆட்டமே இல்லாத இடத்திலும் ஆட்டத்தைத் தேடித் தாமே படத்தை நகர்த்திவிடும். புதியவை பல டிரைபாடைத் தாமே கண்டுகொள்கின்றன. ஒற்றைக் கால் கொண்ட மோனோபாடில் அணைக்க வேண்டாம்.

வெப்பக் காற்றுக்கு வருகிறேன். இங்கே லென்ஸுக்கு அதிகம் கெட்ட பெயர் வாங்கித் தருவது இதுதான். தெலுக் ஆயர் தாவார் சேற்றுக்கரையில் வலசைப் பறவைகளைத் தேடிப் போகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் தொலைவில் நிற்கும் கூட்டத்தை 600 மி.மீ.-இல் எடுத்துவிட்டு, லென்ஸ் சாஃப்ட், கூர்மை இல்லை என்று முடிவு கட்டுவார்கள். சூடான சேற்றிலிருந்து எழும் காற்று நடுவே நெளிந்துகொண்டிருக்கும்போது எந்த விலை லென்ஸும் அப்படித்தான் காட்டும். விடிந்ததும் போங்கள், அல்லது கடல் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள். தண்ணீர் ஏற ஏறப் பறவைகளே கரைப் பக்கம் ஒதுங்கும். காருக்குள் ஏர்கானை ஓடவிட்டு, கண்ணாடியை இறக்கி, ஜன்னல் வழியே எடுப்பதும் இதே தவறுதான். குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் லென்ஸ் முன்னாலேயே கலக்கின்றன. தூரத்தைக் குறைப்பதே நல்ல மருந்து, ஆனால் கூடு இருக்கும் இடத்தில் அது வேண்டாம். பெண் இருவாச்சி மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டிருக்கும்; ஆண்தான் இரை கொண்டுவர வேண்டும். கீழே ஆள் நின்றால் அது வரத் தயங்கும்.

ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் மூடியே வைத்தால் கண்ணாடியில் நீர் படியாது. வீட்டில் லென்ஸை ஈரம் படாமல் வைக்கும் டிரை கேபினட்டை 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். அலமாரியில் துணி சுற்றி வைப்பது பூஞ்சைக்கு விருந்து.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் குலுக்கிப் பார்த்து, உள்ளே 'கடகட' என்றதும் வேண்டாம் என்று வைத்துவிடுகிறார்கள். ஸ்டெபிலைசர் ஓய்வில் இருக்கும்போது சில லென்ஸ்களில் அந்தச் சத்தம் இருக்கும், பழுது அல்ல. லேசான ரீங்காரமும் அப்படியே. அதைவிட்டு, கடைக்கு எதிரே உள்ள பெயர்ப்பலகையை 400 மி.மீ.-இல், 1/60-இல், ஸ்டெபிலைசரைப் போட்டுப் பத்துப் படம், அணைத்துப் பத்துப் படம் எடுங்கள். இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.