குடும்ப மரத்தைப் பென்சிலால் வரையுங்கள்

தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா (இல்லாத குரல் கேட்பது, பொய்யான நம்பிக்கைகள் போன்றவை வரும் மனநோய்) என்று மருத்துவர் சொன்ன இரவு, "இது எந்த மரபணுவால் வருகிறது?" என்று தேடிக்கொண்டே விடிய வைத்தேன். ஒற்றை மரபணு எதுவும் அகப்படவில்லை. 2022-இல் 76,755 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு, மரபணுத் தொகுப்பில் இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் காட்டியது. பைபோலாருக்கு, அதாவது அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் நோய்க்கு, 2021-இல் 64 இடங்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. சில இடங்கள் இரண்டு நோய்களுக்கும் பொது. அதனால் வீட்டிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

ஒரு பெரிய தாள், பென்சில், அழிப்பான் போதும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் சாய்கோடு. மூன்று தலைமுறை வரையுங்கள். நோய் உறுதியானவரின் கட்டத்தை மட்டும் நிழலிட்டு, எத்தனை வயதில் தொடங்கியது என்று பக்கத்தில் எழுதுங்கள்.

பெரியவர்களிடம் நோயின் பெயரைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். "நம்ம குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா?" என்றபோது அத்தை பட்டென்று "இல்லை" என்றார். அப்புறம் ஒருநாள் பெரியப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. "அண்ணன் சில சமயம் பத்து நாள் தூங்காது. ராத்திரியெல்லாம் கணக்கு எழுதும், கையில் இருப்பதையெல்லாம் வாரிக் கொடுக்கும். அப்புறம் மாசக்கணக்கில் அறையை விட்டு வராது." இதை அப்படியே எழுதிக்கொண்டேன். பெரியப்பா உயிரோடு இல்லை, யாரும் அவரைப் பரிசோதித்ததும் இல்லை. அதனால் நிழலிடாமல் கேள்விக்குறி மட்டும் போட்டேன். தாளைப் பார்த்த மருத்துவர் அந்தக் கேள்விக்குறியில்தான் விரலை வைத்தார். தம்பிக்கும் தூக்கமே தேவைப்படாத நாட்கள் இருந்தனவா என்று முதல்முறையாகக் கேட்டார்.

குடும்பத்தில் யாருக்காவது பிறவி இதயக் குறை, அண்ணப் பிளவு, படிப்பில் பெரிய சிரமம் இருந்தால் அதையும் குறியுங்கள். இவை 22-ஆம் குரோமோசோமில் (மரபணுக்களைத் தாங்கும் இழைகளில் ஒன்று) ஒரு சிறு துண்டு இல்லாததன் அடையாளமாக இருக்கலாம். அப்படிப் பிறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா வருகிறது. இதைப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

எச்சில் அனுப்பி 'அபாய மதிப்பெண்' வாங்கும் பரிசோதனை வேண்டாம் என்பேன். அந்தக் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் எழுந்தவை, தனி ஒருவருக்கு நோய் வருமா என்று அவற்றால் சொல்ல முடியாது. மரபணுக்கள் ஒன்றேயான இரட்டையரில் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா இருந்தாலும் மற்றவருக்கு வராமலே போவதுண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவு. கல்யாணப் பேச்சு வரும்போது மீதித் தொண்ணூறையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. தாளில் பெயர்களுக்குப் பதில் எண்கள் இருக்கட்டும். தம்பி கேட்டதால்தான் அப்படிச் செய்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படமெடுத்துப் போடாதீர்கள். ஒரு நகல் மருத்துவரிடம், இன்னொன்று நோயாளியின் கையில்.